ஆற்றுப்படுத்தும் அண்டை வீட்டார்

'கவுன்சலிங்' என்னும் சொல்லை இன்று தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் "கவுன்சலிங் எப்போது?" என்று கேட்காத வீடும் இல்லை. பொறியியல் கல்லூரியில் இடம் பெறுவதற்கு அது பெயராகிவிட்டது. துயருற்ற ஒருவரின் அருகே அமர்ந்து, அவர் தம் மனச்சுமையை இறக்கி வைக்கத் துணைநிற்பதற்கும் அதுவே பெயர் என்பது பலருக்குச் சற்றுப் பின்னரே நினைவுக்கு வருகிறது. ஈழத்தமிழர் இதனை 'உளவளத்துணை' என்பர். 'சீர்மியம்' என்றும் வழங்குவர். நம் திருச்சபை வட்டாரங்களில் 'ஆற்றுப்படுத்துதல்' என்னும் சொல் நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது.

அச்சொல்லுக்குப் பின்னே ஒரு பெரிய மரபு உண்டு. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை நூல்கள். வறுமையில் வாடிய ஒருவன் ஒரு வள்ளலிடம் சென்று பரிசில் பெற்றுத் திரும்புகிறான். வழியில் தன்னைப் போன்றே வாடி வரும் இன்னொருவனைக் காண்கிறான். தான் சென்ற வழியைக் கூறி, 'நீயும் அங்கே செல்' என்று அவனை ஆற்றுப்படுத்துகிறான். ஆறு என்றால் வழி. வழியில் நிறுத்துவதே ஆற்றுப்படுத்துதல். இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. வழிகாட்டுபவன் வள்ளல் அல்லன்; அரசனும் அல்லன். அவனும் ஒரு பாணன், அவனும் பசித்திருந்தவன். அதனாலேயே அவன் சொல்லை மற்றவன் நம்புகிறான்.

மனநலம் காக்கும் பணியில் இந்தப் பாணனுக்கு இடம் உண்டா? பட்டம் பெற்ற உளமருத்துவரும் உளவியலாளரும் செய்யும் பணியில் ஒரு பகுதியை, அண்டை வீட்டிலிருக்கும் சாதாரண ஒருவருக்கு முறையாகப் பயிற்றுவித்து அவரிடம் ஒப்படைக்க முடியுமா? கடந்த சில பத்தாண்டுகளாக உலகின் பல இடங்களில் எழுந்துள்ள இக்கேள்வி, நம் பங்குகளின் வாசலிலும் வந்து நிற்கிறது.

வாசலில் நிற்பவர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் உழைப்பாளர் வட்டாரம். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தபின், பல மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. அன்று நிலையான வேலை இருந்தது. பின்னர் சில ஆலைகள் மூடப்பட்டன; பலவற்றில் ஒப்பந்த வேலையே எஞ்சியது. இரவுப் பணி முடிந்து வருபவர் பகலில் தகரக் கூரையின் கீழ் உறங்க முயல்கிறார். ஊரில் இருந்திருந்தால் பெரியம்மாவோ அத்தையோ பக்கத்துத் தெருவில் இருப்பார்கள். இங்கே ஒரு சுவருக்கு அப்பால் இருப்பவரின் பெயர்கூடத் தெரிவதில்லை.

காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னும், ஓரமாக நிற்கும் சிலரைப் பங்குத்தந்தையர் எல்லாரும் அறிவர். "தூக்கமே வரமாட்டேங்குது ஃபாதர். ஒரே யோசனையா இருக்கு. தலையில கைவெச்சு மந்திரிச்சு விடுங்க" என்பார்கள். குடிக்கும் கணவன், கடன் கேட்டு வீட்டுக்கு வரும் ஆட்கள், குழந்தை பிறந்தபின் சிரிப்பையே மறந்த மகள், அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்ளும் கல்லூரி மாணவன் என ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை. செபித்து அனுப்புகிறோம். சில நிமிடங்கள் கேட்கிறோம். அதற்குள் அலுவலக வாசலில் ஞானஸ்நானச் சான்றிதழுக்காக வேறொருவர் காத்து நிற்கிறார்.

2015-16இல் நடைபெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இடம்பெற்றது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர் என்றும், குறைபாட்டின் வகையைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறுவதில்லை என்றும் அது கண்டறிந்தது. நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஓர் உளமருத்துவர்கூட இல்லை. இருக்கும் இடத்துக்குச் செல்லவும் தயக்கம். கீழ்ப்பாக்கத்தில் 18ஆம் நூற்றாண்டில் வேர்கொண்ட அரசு மனநல மருத்துவமனை உண்டு. ஆனால் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரையே நாம் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கேலிக்கு அஞ்சியே ஆவடியிலிருந்து அங்குச் செல்லும் பேருந்தில் ஏறாதவர் எத்தனையோ பேர்.

2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் மாண்டனர் என்று தேசியக் குற்றப் பதிவு ஆவணம் கூறுகிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தெரு இருந்தது. ஒரு பக்கத்து வீடு இருந்தது.

இத்திரோ சொன்ன யோசனை

விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரம் நமக்குத் தெரிந்ததே. காலை முதல் மாலை வரை மோசே தனியொருவராக அமர்ந்து மக்களின் வழக்குகளைக் கேட்கிறார். மக்கள் வரிசையில் நிற்கின்றனர். அவரைக் காணவந்த மாமனார் இத்திரோ, இது உமக்கும் கேடு, மக்களுக்கும் கேடு என்கிறார். ஆயிரவர், நூற்றுவர், ஐம்பதின்மர், பதின்மருக்குத் தலைவர்களைத் தேர்ந்து, கற்பித்து, எளிய வழக்குகளை அவர்களிடம் விட்டுவிடும்; கடினமானவை மட்டும் உம்மிடம் வரட்டும் என்று யோசனை கூறுகிறார். தேர்வு, பயிற்சி, பகிர்வு, மேலிடத்துக்கு அனுப்புதல் என இன்று மருத்துவ உலகம் பேசும் நான்கும் அந்த ஓர் அதிகாரத்தில் அடங்கிவிடுகின்றன.

இதனை இலண்டனில் ஓர் ஆங்கிலிக்கன் குரு தம் வாழ்வில் கண்டார். சாட் வாரா என்பது அவர் பெயர். தற்கொலை எண்ணத்தோடு தவிப்போர் தம்மை அழைக்கலாம் என்று 1953இல் ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அழைத்தவர்களும் நேரில் வந்தவர்களும் பெருகினர். காத்திருப்போருக்குத் தேநீர் கொடுக்கவும் பேச்சுத்துணையாக இருக்கவும் சில தன்னார்வலர் வந்தனர். நாளடைவில் ஒன்றைக் கவனித்தார் அக்குரு. அவர்களிடம் பேசிவிட்ட பலர், குருவைப் பார்க்காமலேயே மனம் தெளிந்து திரும்பிச் சென்றனர். 1954 பிப்ரவரியில் கேட்கும் பணியைத் தன்னார்வலரிடமே அவர் ஒப்படைத்தார். 'சமாரித்தன்ஸ்' என்னும் அமைப்பு அவ்வாறு உருப்பெற்றது. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய 'சிநேகா'வும் பயிற்சி பெற்ற தன்னார்வலரின் செவிகளை நம்பியே இயங்குவது. 2004 ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தோருக்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர் துணைநின்றதன் பயன் முறையாக ஆராயப்பட்டு, 2008இல் ஆய்விதழில் வெளியாயிற்று.

கேட்பது ஒன்று, சிகிச்சை அளிப்பது இன்னொன்று. இரண்டாவதையும் எளியோர் செய்ய முடியும் என்பதற்கு இப்போது சான்றுகள் உள்ளன. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், தாய்மையுற்ற காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளான 903 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பள்ளிப் படிப்பு மட்டுமே பெற்ற சுகாதாரப் பணிப் பெண்கள் அறிதல்-நடத்தைச் சிகிச்சையின் எளிய வடிவத்தைக் கற்று, வீடு தேடிச் சென்றனர். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆனபோது, அவர்களின் துணை பெற்ற தாய்மாரில் 23 விழுக்காட்டினரே மனச்சோர்வில் இருந்தனர். மற்றவரில் 53 விழுக்காட்டினர் இருந்தனர். இது 2008இல் வெளியான முடிவு.

கோவாவில் 1996இல் தோன்றிய 'சங்காத்' நிறுவனம், மருத்துவர் விக்ரம் பட்டேலின் வழிகாட்டுதலில், முன்பு மனநலப் பயிற்சி ஏதும் இல்லாத உள்ளூர் மக்களைத் தேர்ந்து பயிற்றுவித்தது. கடும் மனச்சோர்வுற்ற 495 பேரை ஆராய்ந்தனர். மூன்று மாதத்தில், பயிற்சி பெற்றோரின் துணையோடு 64 விழுக்காட்டினர் தேறினர். வழக்கமான கவனிப்பில் தேறியவர் 39 விழுக்காட்டினர்.

ஜிம்பாப்வேயின் கதை இன்னும் நெருக்கமானது. பேருந்துக் கட்டணத்துக்குப் பணமில்லாமல் மருத்துவமனைக்கு வர இயலாத ஓர் இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவளுக்குச் சிகிச்சை அளித்துவந்த உளமருத்துவர் டிக்சன் சிபாண்டா, மருத்துவமனை மக்களிடம் செல்ல வேண்டும் என்று உணர்ந்தார். அவருக்குக் கிடைத்தவர்கள் பதினான்கு பாட்டிமார்; அறை கிடைக்கவில்லை. மரத்தடியில் ஒரு பலகை இருக்கை போட்டு 2006இல் பணியைத் தொடங்கினார். 'மனச்சோர்வு' என்னும் மருத்துவச் சொல்லைப் பாட்டிமார் பயன்படுத்துவதில்லை. அவ்வூர் ஷோனா மொழியில் அதற்குப் பெயர் 'மிகுதியாக யோசித்தல்'. நம் ஆலய வாசலில் "ஒரே யோசனையா இருக்கு" என்பவரும் அதையே அல்லவா சொல்கிறார்? 573 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் இருக்கையில் அமர்ந்தவரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரிடமே மனச்சோர்வின் அறிகுறிகள் எஞ்சின. மற்றவரில் அது ஏறத்தாழ 50 விழுக்காடு.

தொலைவான ஊர்களுக்குச் சென்றுவிட்டோம். நம் வட்டாரத்துக்கே திரும்புவோம். அம்பத்தூருக்கு அருகே முகப்பேரில், வீடற்ற மனநோயுற்ற பெண்களுக்கு அடைக்கலம் தரும் 'பான்யன்' அமைப்பு உள்ளது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கியது அது. அதன் 'நலம்' திட்டத்தில் உள்ளூர் மக்களே பயிற்சி பெற்று வீடு வீடாகச் செல்கின்றனர். அண்ணா நகர் மேற்கில் உள்ள 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தை 1984இல் மருத்துவர் சாரதா மேனன் நிறுவினார். மனச்சிதைவு நோயாளருக்குச் சமூகப் பணியாளர் வீட்டிலேயே துணைநிற்கும் முறையைத் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா ஆகிய மூன்று இடங்களில் ஆராய்ந்தபோது, தமிழ்நாட்டுப் பகுதியை ஸ்கார்ஃப் ஏற்றது. 2014இல் முடிவு வெளியானது. மூன்றில் தெளிவான பயன் தெரிந்த இடம் நம் தமிழ்நாட்டுக் கிராமப் பகுதியே.

கற்றுக்கொடுப்பது எதை?

பயிற்சி என்றவுடன் உளவியல் கோட்பாடுகளை மனப்பாடம் செய்வது என்று எண்ண வேண்டாம். முதலில் கற்றுக்கொடுப்பது பேசாதிருக்க. நம் பண்பாட்டில் துயருற்றவரைக் கண்டவுடன் அறிவுரை ஊற்றெடுத்துவிடும். 'உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா?', 'பிள்ளைங்க முகத்தைப் பார்த்து மனசைத் தேத்திக்கோ', 'எல்லாம் ஆண்டவர் பார்த்துப்பார்.' சொல்பவருக்கு அது அன்பு. கேட்பவருக்குச் சாத்தப்பட்ட கதவு.

யோபுவின் நண்பர்களை நாம் பெரும்பாலும் குறைகூறியே பழகிவிட்டோம். ஆனால் அவர்கள் வந்த முதல் ஏழு நாளும் ஏழு இரவும் செய்தது என்ன? அவருடன் தரையில் அமர்ந்திருந்தனர். ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் துயரம் எவ்வளவு பெரிதென்று கண்டனர். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். வாய்திறந்து விளக்கம் கூறத் தொடங்கியபோதே தவறினர். பயிற்சியின் முதல் பாடம் இந்த ஏழு நாள்.

அடுத்த பாடம் முறை. கோவாவில் கையாண்ட முறையின் அடிப்படை எளியது. மனம் சோர்ந்தவர் ஒவ்வொன்றாகச் செயல்களை விடுகிறார். செயல் குறையக் குறைய மகிழ்ச்சிக்கான வாய்ப்பும் குறைகிறது. சோர்வு மேலும் கூடுகிறது. மனம் தெளிந்த பின் செயலில் இறங்கலாம் என்று காத்திராமல், சிறு செயலிலிருந்து தொடங்கி மனத்தைத் தெளிவிப்பதே வழி. எடுத்துக்காட்டாக, வாசலில் கோலமிடுவதை விட்டுவிட்ட பெண், நாளை ஒரு நாள் மட்டும் நான்கு புள்ளிக் கோலம் போட்டுப் பார்க்கலாம். வேலை இழந்து வீட்டில் முடங்கிய ஆண், காலையில் குளித்துத் தேநீர்க் கடை வரை நடந்து, பழைய நண்பர் ஒருவரைப் பார்த்து வரலாம். அடுத்த வாரம் வரும்போது 'செய்தாயா?' என்று அதட்டாமல், 'செய்தபோது எப்படி இருந்தது?' என்று கேட்க வேண்டும். வாரம் ஒருமுறை, அரை மணிக்குச் சற்று மேல், ஆறு முதல் எட்டு அமர்வுகள். அவ்வளவே.

பாட்டிமாரின் இருக்கையில் முறை வேறு. துன்பங்களை எல்லாம் முதலில் கொட்டச் செய்வர். அவற்றுள் ஒன்றை மட்டும் வந்தவரே தேர்ந்தெடுப்பார். அதற்கு என்னென்ன வழிகள் என்று அவரே எண்ணிப் பார்த்து, ஒரு சிறு படியை முடிவு செய்து போவார். தீர்வு பாட்டியுடையது அன்று, வந்தவருடையது.

மூன்றாவது பாடம் அஞ்சாமல் கேட்பது. 'வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா?' என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வாறு ஆவதில்லை என்பதே மருத்துவ அனுபவம். அன்போடும் நேராகவும் கேட்கப்படும் அக்கேள்வி, தனியே சுமந்தவருக்கு ஓர் இளைப்பாறலாகிறது.

நான்காவது பாடம் மேற்பார்வை. கோவாவில் வந்தவரின் ஒப்புதலோடு அமர்வுகளை ஒலிப்பதிவு செய்தனர். பயிற்சி பெற்றோர் வாரந்தோறும் கூடி, ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு, எங்கே குறுக்கிட்டார், எங்கே அவசரப்பட்டார் என்று மதிப்பிட்டுக்கொண்டனர். மூன்று நாள் கருத்தரங்கும் ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடுவது பயிற்சி ஆகாது. தொடரும் மேற்பார்வையே பயிற்சியின் முதுகெலும்பு.

நியாயமான ஐயங்கள்

அரைகுறையாகக் கற்றவர் ஆபத்தானவர் அல்லவா என்பது மருத்துவரின் ஐயம். அது நியாயமானது. காதில் குரல்கள் கேட்பவர், உயிரை மாய்க்கத் திட்டமிட்டிருப்பவர், குழந்தை பெற்றபின் நிலைதடுமாறியவர், குடியை நிறுத்தியதும் நடுக்கமும் வலிப்பும் காண்பவர் ஆகியோர் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவர்கள். 'என்னால் ஆகாது, வாருங்கள் சேர்ந்து போவோம்' என்று சொல்லத் தெரிந்தவரே பயிற்சி பெற்றவர். மேலும், இம்முறை எல்லாவற்றுக்கும் அருமருந்து என்று கொள்ளலாகாது. மிகுதியாகக் குடிக்கும் 377 ஆண்களிடம் கோவாவில் நடத்திய ஆய்வில், துணை பெற்றோரில் 36 விழுக்காட்டினர் தேறினர். பெறாதோரில் 26 விழுக்காட்டினர். வேறுபாடு உண்டு, ஆனால் பெரும்பாலோர் தேறவில்லை என்பதும் உண்மை.

செபம் இருக்கும்போது இது எதற்கு என்பது பக்தரின் ஐயம். காய்ச்சல் கண்டவருக்குச் செபிக்கிறோம். மருந்தும் வாங்கித் தருகிறோம். மேய்ப்புப் பணியில் உளவியலின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்த வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965இல் கற்பித்தது. மனமறிந்து தற்கொலை செய்துகொண்டோருக்கு 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அம்மறுப்பு இல்லை. மனநோயைப் பற்றிய அறிவு வளர வளர, திருச்சபையின் இரக்கமும் வழி கண்டது. ஆயினும் அத்தகைய வீட்டார் இன்றும் தலைகுனிந்தே கல்லறைக்கு வருகின்றனர். நாம் இன்னும் கற்க வேண்டியது உண்டு.

மூன்றாவது ஐயமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அது துயருற்றவரின் ஐயம். 'இவங்ககிட்டே சொன்னா தெருவுக்கே தெரிஞ்சிடுமே!' ஓர் அன்பியத்தில் இருப்பவை முப்பது வீடுகள். யார் வீட்டில் என்ன சண்டை என்பது பாத்திரம் விளக்கும்போதே பரவிவிடும். அண்டை வீட்டார் என்பதே அவர் பலம்; அதுவே அவரை நம்பத் தயங்குவதற்கும் காரணம். நன்மனம் மட்டும் இதைத் தீர்க்காது. அதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும்.

நம் பங்குகளில்

நம்மிடம் ஆட்கள் இல்லாமல் இல்லை. நோயாளரைச் சந்திக்கும் மரியாயின் சேனையினர், ஏழைகளின் வீடறிந்த வின்சென்ட் தே பவுல் சபையினர், அன்பியப் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், செவிலியர் எனப் பலர் ஏற்கெனவே படியேறிச் சென்று கேட்டுவருகின்றனர். இயேசு சபைத் தந்தை ஜோ கரி, செருப்பின்றி நடக்கும் கிராம மருத்துவரை மனத்தில் கொண்டு, 'வெறுங்கால் ஆற்றுப்படுத்துநர்' என்று பொருள்படும் ஆங்கில நூலை இந்தியாவிலிருந்தே பல ஆண்டுகளுக்கு முன் எழுதினார். எண்ணம் புதிதன்று, முறைப்படுத்துவதே எஞ்சியிருக்கிறது.

அதற்கு நான்கு நிபந்தனைகளை முன்வைக்கத் துணிகிறேன். முதலாவது, மறைமாவட்டம் ஒரு மருத்துவ நிறுவனத்தோடு கைகோத்தே இதைச் செய்ய வேண்டும். பங்குத்தந்தை தாமே ஆசிரியராகிவிடக் கூடாது. இரண்டாவது, பயிற்சி பெறுவோர் குறைந்தது ஓராண்டாவது மேற்பார்வைக்கு உட்பட இசைய வேண்டும். மூன்றாவது, அவரவர் பங்கில் பணி செய்யாமல் பங்கு மாறிச் செல்ல வேண்டும். அம்பத்தூரார் பட்டாபிராமுக்கும், பூந்தமல்லியார் கொரட்டூருக்கும் போகட்டும். ஒரே மொழி, ஒரே வாழ்க்கை, ஆனால் வேறு தெரு. பாத்திரம் விளக்கும் இடத்துப் பேச்சுக்கு அங்கே வழியில்லை. நான்காவது, முதல் சந்திப்பிலேயே அடக்கத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதைக் குரு எக்காரணம் கொண்டும் வெளியிட முடியாது. ஆற்றுப்படுத்துவோர் நிலை அதுவன்று. உயிருக்கு ஆபத்து என்றால் அவர் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இரண்டையும் குழப்பினால் இரண்டின் மேலும் உள்ள நம்பிக்கை போய்விடும்.

அதுவரை காத்திருக்க இயலாத வீடுகளும் உண்டு. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். ஆலய அறிவிப்புப் பலகையில் திருமண அறிவிப்புகளுக்குப் பக்கத்தில் அதை எழுதி வைக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

பாணனிடம் பொன் இல்லை; போன வழி தெரியும். கணவரின் குடியைக் கடந்து வந்த பெண், மகனை இழந்தும் எழுந்து நின்ற தந்தை, மனச்சோர்வு தீர்ந்து இன்று பாடற்குழுவில் பாடும் இளைஞர் என வழி தெரிந்தவர்கள் நம் நடுவே அமர்ந்திருக்கிறார்கள். பேசாமல் கேட்கவும், முறையோடு துணைநிற்கவும், வேண்டியபோது மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும். வரும் அன்பியக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை வையுங்கள்: 'நம் தெருவில் தூக்கம் வராதவர் ஒருவர் யாரிடம் போவார்?' பதில் வராவிட்டால், அந்த மௌனத்திலிருந்தே பணியைத் தொடங்கலாம்.